குட்டி வீட்டு வாசலில் ‘ஒடி’

நான் இப்போது சித்திபாவில் இருக்கிறேன். மலாவியின் வடக்கு மூலை. இதற்கும் மேலே என்னை மாற்ற வேண்டுமென்றால் தான்சானியாவுக்குத்தான் மாற்ற வேண்டும். எங்கள் தலைவர் பாம்போ நமாக்வா இதைத் தண்டனை என்று நினைத்து அனுப்பினார். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிவிட்டால் தொல்லை விட்டது என்று எண்ணிவிட்டார், பாவம். நான் பார்க்கும் வேலையே தூரத்தில் இருந்து பார்ப்பதுதான் என்பது அவர் புத்திக்கு எட்டவில்லை. இன்றைக்கும் காலையில் தேநீர் ஆறுவதற்குள் தெற்கே பிளான்டயரில் இருக்கும் சர்வருக்குள் போய் எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

என்னை ஏன் மாற்றினார்கள் என்பதற்கு ஆபீசில் இரண்டு கதைகள் உலவுகின்றன. லுசுங்கு கோண்ட்வே சர்வரை உடைத்துவிட்டாள் என்பது ஒன்று. மேலதிகாரியை வாசலில் நிற்க வைத்தாள் என்பது இன்னொன்று. முதல் கதை பொய். இரண்டாவதை நானே சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் சொன்னால் சுவாரசியம் குறைந்துவிடுகிறது.

பிளான்டயரில் எங்கள் நில வரைபட அலுவலகத்தில் உருப்படியான சர்வர் ஒன்றே ஒன்றுதான். கீழ்த்தளத்தில், என் அறையில், திரையோ மௌஸோ இல்லாத ஒரு கறுப்புப் பெட்டி. எல்லைக்கோடு வரையும் மென்பொருளோ திரை இல்லாமல் ஒரு அங்குலம் நகராது. மாவட்டங்களில் எழுத்தர்களிடம் இருந்த மடிக்கணினிகள் எல்லாம் பத்து வருஷத்துக் கிழடுகள். அந்த மென்பொருளைத் திறந்தாலே விசிறி அலறும், பிறகு மூர்ச்சை போட்டுவிடும். புதிது வாங்கித் தரச் சொல்லி மூன்று வருஷம் கேட்டோம், பதில் வரவில்லை.

சரி போங்கடா என்று நானே ஒரு வழி செய்தேன். அந்த சர்வருக்குள்ளேயே இன்னொரு கணினியை உண்டாக்கினேன். கையால் தொட முடியாத, மென்பொருளாலேயே ஆன கணினி. அதற்குள் லினக்ஸை ஏற்றினேன், அதுவும் எலும்பும் தோலுமாக. அலங்காரப் படம் இல்லை, பாட்டு இல்லை, விளையாட்டு இல்லை. ஒரு ஜன்னல் திறக்கும், அதில் வரைபடம் வரும், அவ்வளவே. ஒவ்வொரு எழுத்தருக்கும் அதற்குள் ஒரு தனித் திரை. அந்தத் திரையின் படம் மட்டும் போன் நெட்வொர்க் வழியாக, யாரும் எட்டிப் பார்க்க முடியாதபடி பூட்டப்பட்டு, அவர்களுடைய கிழட்டு மடிக்கணினிக்குப் போகும். அவர்கள் அங்கே மௌஸை அசைத்தால் அம்புக்குறி பிளான்டயரில் அசையும். நடுவில் கரண்ட் போனால் போகட்டும். மறுபடி இணையும்போது பாதி வரைந்த கோடு பாதியில் அப்படியே காத்திருக்கும்.

எழுத்தர்கள் அதற்குக் கன்யும்பா என்று பெயர் வைத்தார்கள். குட்டி வீடு என்று அர்த்தம். அவர்களே வைத்த பெயர் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

வீடு என்று சொன்ன பிறகு வாசல் வேண்டும் அல்லவா? அதை எனக்குச் சொல்லித் தந்தவள் எனிஃபா. தியோலோ மாவட்டத்து எழுத்தர், வருஷ ஒப்பந்தத்தில் இருப்பவள், வாய் மட்டும் நிரந்தரப் பணியாளர் வாய். ஒரு தடவை அவளுடைய திரையில் ஏதோ கோளாறு என்று, நான் பிளான்டயரில் இருந்தபடியே அவள் திரைக்குள் போய்ச் சரி செய்ய ஆரம்பித்தேன். உடனே போன் வந்தது.

“அக்கா, அது நீங்களா? அம்பு தானா ஓடுது, நான் நாற்காலியில இருந்து விழப் பார்த்தேன்!”

“நான்தான்டி. ஒரு நிமிஷ வேலை.”

“நிமிஷமோ நாளோ, அடுத்தவங்க வீட்டுக்குள்ள வர்றப்ப ‘ஒடி’ சொல்ல மாட்டீங்களா? உங்க வடக்குல அந்தப் பழக்கமெல்லாம் கிடையாதா?”

உண்டு. நன்றாகவே உண்டு. எங்கள் நாட்டில் யாரும் யார் கதவையும் தட்டுவதில்லை. வாசலில் நின்று ‘ஒடி!’ என்று குரல் கொடுப்போம். உள்ளே இருப்பவர் ‘ஒடினி’ என்று சொன்ன பிறகுதான் காலை எடுத்து வைப்போம். எனக்கு முகம் சூடாகிவிட்டது. அன்று மாலையே கன்யும்பாவில் ஒரு சின்னப் பெட்டி வைத்தேன். யாராவது உங்கள் திரைக்குள் வரப் பார்த்தால் அந்தப் பெட்டி எழும். யார் வருகிறார்கள் என்று சின்ன எழுத்தில் காட்டும். மேலே பெரிதாக ‘ஒடி!’ என்று இருக்கும். கீழே மூன்று பொத்தான்கள்: ‘ஒடினி’, ‘பார்த்துவிட்டு மட்டும் போங்கள்’, ‘பிறகு வாருங்கள்’. ‘ஒடினி’யை அழுத்தினால் வருபவர் கைக்கும் மௌஸ் போகும்.

மரியாதை கருதி ‘ஒடினி’யைப் பெரிதாக, பச்சையாக வைத்தேன். மற்ற இரண்டும் ஓரத்தில் பொடியாக இருந்தன. அது என் தப்பு. பிறகு வருகிறேன் அதற்கு.

போன வருஷம் ஜூன் மாதம் பாம்போ நமாக்வா என்னை மேல்மாடிக்குக் கூப்பிட்டார். எங்கள் அலுவலகத் தலைவர்; ‘பாம்போ’ என்றால் எங்கள் பேச்சில் ஐயா, ‘அமாயி’ என்றால் அம்மா. நல்ல சூட்டு போடுவார், நன்றாகச் சிரிப்பார், சிரிக்கும்போது கண் மட்டும் வேறு வேலை பார்க்கும்.

“அமாயி கோண்ட்வே, எனக்கு அந்தப் பெட்டி வேண்டாம்.”

“எந்தப் பெட்டி பாம்போ?”

“அதான், ‘ஒடி’ கேக்குதே, அது. நான் இந்த ஆபீசுக்கே தலைவன். ஒரு எழுத்தர் வாசல்ல நான் நின்னுகிட்டு ‘ஒடி’ சொல்லணுமா?”

“ஊர்த் தலைவருங்களே அடுத்தவங்க வாசல்ல நின்னுதான் சொல்றாங்க.”

“அது ஊரு. இது ஆபீசு. என்னை மட்டும் சத்தமில்லாம உள்ளே விடுற மாதிரி பண்ணு. யாருக்கும் தெரிய வேண்டாம். மேற்பார்வைக்குத்தான்.”

“மேற்பார்வைன்னா பார்க்கிறது. பார்க்கிறதுக்கு உங்களுக்கு ஏற்கெனவே வழி இருக்கே. கையும் வேணுமா?”

அவர் சிரிப்பு நின்றது. விஷயம் இதுதான். எங்கள் விதிப்படி ஒரு பகுதியின் எல்லைக்கோட்டை அந்தப் பகுதி எழுத்தரின் திரையிலிருந்து மட்டுமே நகர்த்த முடியும். நகர்த்தியவர் என்று அவர் பெயரே பதிவாகும். தலைவர் பார்க்கலாம், தொட முடியாது. எனிஃபாவின் பகுதியில் நமிலேமே என்று ஓர் ஊர். அதை ஒட்டி நம்பிரி தேயிலைத் தோட்டம். நடுவில் லிசூலி ஓடை. ஓடையின் இந்தக் கரை ஈரத்தில்தான் மழையில்லாத மாதங்களில் ஊர்க்காரர்கள் கீரையும் பச்சைச் சோளமும் போடுகிறார்கள். முப்பத்துநான்கு பாத்திகள். கோடு ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தால் ஊர் சாப்பிடும், இந்தப் பக்கம் வந்தால் தோட்டத்துக்குத் தண்ணீர். அந்த வெள்ளிக்கிழமை நமிலேமே வரைபடத்தை முத்திரை வைத்து மூடப்போகிறோம். தோட்டத்து மேலாளர் அந்த மாதத்தில் மூன்று தடவை மேல்மாடிக்கு வந்துபோனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

“நமிலேமே கோடா பாம்போ?” என்று கேட்டேன்.

“உன் வேலை கம்ப்யூட்டர்.”

“ஆமா. அதனாலதான் முடியாதுங்கிறேன். உங்க கை நகர்த்தும், எனிஃபா பேரு விழும். நான் அதுக்கு வாசல் வெட்டித் தர மாட்டேன்.”

“உங்க வடக்கத்தி ஆளுங்களுக்கே இந்தத் திமிரு. நாலு எழுத்து படிச்சா நாட்டையே வாங்கிட்டதா நெனப்பு. சித்திபாவுல ஒரு இடம் காலியா இருக்கு, தெரியுமா?”

“அங்க பீன்ஸ் நல்லா விளையும்னு கேள்விப்பட்டிருக்கேன் பாம்போ.”

பேச்சு பெரிதாகத்தான் பேசினேன். படி இறங்கும்போது பயமும் கோபமும் சேர்ந்தே வந்தன. கோபம்தான் அதிகம் என்று அப்போதே தெரிந்தது, ஏனென்றால் அறைக்கு வந்ததும் எனிஃபாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். “பெட்டி வந்தா யாருன்னு படிச்சுட்டு அழுத்து” என்றேன். “நான் என்ன குழந்தையா அக்கா?” என்றாள். அந்தப் பச்சைப் பொத்தானை அன்றே சின்னதாக்கியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

மூடுவதற்கு முன் வரைபடத்தை ஊருக்குக் காட்ட வேண்டும் என்பது விதி. வியாழக்கிழமை என்று நாள் குறித்திருந்தார்கள். ஆனால் நமிலேமேயில் ஒருவர் இறந்துபோய் வியாழனன்று அடக்கம் என்று முடிவானது. அடக்க நாளில் ஊரில் எந்தக் காரியமும் நடக்காது, மண்வெட்டியைக்கூடத் தொட மாட்டார்கள். அதனால் எனிஃபா புதன்கிழமையே மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நமிலேமேக்குப் போய்விட்டாள். பாம்போ நமாக்வா கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவள் மாவட்ட அலுவலக அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் இருக்கும் பெண், பார்த்தாலும் வாயை மூடிக்கொள்வாள் என்று கணக்குப் போட்டிருப்பார்.

புதன்கிழமை பன்னிரண்டே முக்காலுக்கு என் போன் அடித்தது.

“அக்கா! அம்பு தானா நகருது அக்கா!”

பின்னால் பெரும் இரைச்சல் கேட்டது.

“எங்கே இருக்கே நீ? என்ன சத்தம்?”

“நமிலேமே பள்ளிக்கூட வராந்தாவுல. ஊரே உக்காந்திருக்கு. லமெக் புட்பால் மேட்ச் காட்டுவானே, அவனோட பெரிய டிவியக் கொண்டுவந்து வச்சு வரைபடத்தைக் காட்டிக்கிட்டிருந்தேன். நடுவுல ‘ஒடி’ன்னு வந்துச்சு. என் கை பாட்டுக்கு ‘ஒடினி’ய அழுத்திடுச்சு. படிக்கவே இல்லக்கா. யாராவது ‘ஒடி’ன்னா ‘ஒடினி’ங்கிறது வாய்க்கே பழகிப்போச்சு, கை மட்டும் சும்மா இருக்குமா?”

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இந்த நாட்டில் பிறந்த யார் கையும் அதைத்தான் செய்திருக்கும். சர்வரில் வரவுப் பதிவைப் பார்த்தேன். ‘தலைவர் அறை’ என்று இருந்தது. எனக்கு நேர் மேலே, இரண்டு மாடி தள்ளி.

“மேல்மாடிதான்” என்றேன்.

“அய்யோ. மூடிடறேன் அக்கா, மடிக்கணினிய மூடிடறேன்!”

“நீ மூடினா அவரு கை நிக்காது எனிஃபா. திரை உன்கிட்ட இல்ல, இங்க இருக்கு. நீ மூடினா அவரு மட்டும்தான் உள்ளே இருப்பாரு.”

அவரை வெளியே தள்ள எனக்கு ஒரே ஒரு வரி கட்டளை போதும். தட்டியும் வைத்துவிட்டேன், விரல் பொத்தான் மேல் இருந்தது. தள்ளினால் என்ன ஆகும்? இன்று போய்விடுவார். நாளையோ வெள்ளிக்கிழமை காலையோ இவள் தனியாக இருக்கும் நேரமாகப் பார்த்து வருவார். கோடு நகரும், எனிஃபாவின் பெயர் விழும், யாரும் எதையும் பார்த்திருக்க மாட்டார்கள். தள்ளாமல் விட்டால், அவர் இப்போதே ஓடையோரக் கோட்டின் ஏழு முனைகளையும் இழுத்துப்போட்டுச் சேமித்துவிடலாம். எனிஃபாவின் பெயர் அப்போதும் விழும். ஆனால் பார்த்தவர்கள் இருப்பார்கள்.

விரலை எடுத்தேன்.

“கையை எடு. மௌஸைத் தொடாதே. டிவியை எல்லாருக்கும் தெரியிற மாதிரி திருப்பி வை. போனை ஸ்பீக்கர்ல போடு.”

என் போனையும் ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன். அதற்குப் பிறகு நான் பார்த்தது ஒன்றும் இல்லை, எல்லாம் கேட்டதுதான். ரேடியோவில் மேட்ச் வர்ணனை கேட்பதைப் போலக் கேட்டேன். மனுஷருக்கு மௌஸ் அவ்வளவாகக் கைவராது போலிருக்கிறது. கோட்டின் ஒரு முனையைப் பிடிப்பார், நழுவும், மறுபடி பிடிப்பார்.

“ஓடையைத் தாண்டுதுடா!”

“ஆஃப்சைடு! ஆஃப்சைடு!”

ஒரே சிரிப்பு. லமெக்கின் டிவியில் எது ஓடினாலும் அந்த ஊருக்கு மேட்ச்தான். இரண்டாவது முனை, மூன்றாவது முனை. நான்காவது முனையில் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு பெண் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. “அது என் பாத்தி. அங்க நேத்துதான் தண்ணி விட்டேன்.”

பிறகு இன்னொரு பெண்ணின் குரல், கொஞ்சம் கனமானது. ஊர்த் தலைவி. நாற்பது வயது, என்னைவிட ஒரு வருஷம் பெரியவள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். “எனிஃபா, யாரு அது?”

ஒப்பந்தம் எனிஃபாவின் கழுத்தைப் பிடித்திருந்தது. நான் சொன்னேன்.

“தலைவி, நான் பிளான்டயர்ல இருந்து லுசுங்கு கோண்ட்வே பேசறேன். இந்த கம்ப்யூட்டரைப் பார்த்துக்கிறவ. இப்போ உங்க கோட்டை நகர்த்துறது எனிஃபா இல்ல. எங்க ஆபீஸ் தலைவர், பாம்போ நமாக்வா.”

அந்த ஒரு வாக்கியத்தோடு என் பிளான்டயர் வாழ்க்கை முடிந்தது என்று தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். சொன்ன பிறகு மூச்சு நன்றாக வந்தது.

“‘ஒடி’ சொன்னாரா?” என்றாள் தலைவி.

“சொன்னாரு. நான்தான் பார்க்காம ‘ஒடினி’ன்னுட்டேன்” என்றாள் எனிஃபா. அழுகிற குரல்.

“அழாதே. அப்போ அவரு நம்ம விருந்தாளி. விருந்தாளியை வாங்கன்னு கேக்க வேண்டாமா? அந்தப் படத்து மேல எழுத முடியுமா? எழுது. நான் சொல்றேன்.”

வரைபடத்தில் ஊர்ப் பெயர் எழுதுவதற்கு ஒரு கருவி உண்டு. அவர் ஐந்தாவது முனையை வைத்துவிட்டு ஆறாவதைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் எனிஃபா மௌஸைப் பிடித்தாள். இருக்கும் எழுத்திலேயே பெரிய எழுத்தை எடுத்து, லிசூலி ஓடையின் மேல் தட்ட ஆரம்பித்தாள். தலைவி ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, ஊர் அதைச் சேர்ந்து படித்தது.

“வாங்க பாம்போ நமாக்வா. உக்காருங்க. நமிலேமேல இருநூத்திப் பத்து பேர் உங்களையே பார்த்துக்கிட்டிருக்கோம். என்ன சேதியா வந்தீங்க?”

எனக்கு மேலே, இரண்டு மாடி தள்ளி, ஒரு மனிதர் தன் திரையில் அந்த எழுத்துகள் ஒவ்வொன்றாக முளைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதை நினைத்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது? மிகவும் சந்தோஷமாக இருந்தது.

“அம்பு நின்னுடுச்சு” என்றாள் எனிஃபா. பிறகு என் பதிவில் ஒரு வரி விழுந்தது. தலைவர் அறை வெளியேறியது.

“போயிட்டாரு” என்றேன்.

“அட, தண்ணிகூடக் குடிக்காமப் போயிட்டாரே!” என்று யாரோ சொல்ல, வராந்தாவே அதிர்ந்தது. எனிஃபா ‘செய்ததை அழி’ பொத்தானை அழுத்த, ஐந்து முனைகளும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஊர் ஒன்று, இரண்டு என்று எண்ணியது. தலைவி வெள்ளிக்கிழமைவரை காத்திருக்கவில்லை. எனிஃபா அச்சடித்துக் கொண்டுபோயிருந்த தாளை அங்கேயே விரித்து, ஊர் நிலக் குழுவில் இருந்த அத்தனை பேரையும் கையெழுத்துப் போட வைத்தாள். போடத் தெரியாதவர்கள் கட்டை விரல் வைத்தார்கள்.

அப்போதுதான் படியில் ஷூ சத்தம் கேட்டது. சூட்டுக்குப் போடும் கனமான ஷூ.

என் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அவர் அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். முகம் வேர்த்திருந்தது. தாழ்வாரத்தில் கணக்குப் பிரிவு ஆட்கள் சாப்பாட்டுத் தட்டோடு நின்று பார்த்தார்கள்.

“என்னடி பண்ணி வச்சிருக்கே? அந்தக் கன்யும்பாவோ கழுதையோ, இப்பவே நிறுத்து. இப்பவே!”

நான் எழுந்தேன்.

“பாம்போ, நீங்க ‘ஒடி’ சொல்லலையே.”

“என்ன?”

“இது என் அறை. நான் உள்ளே இருக்கேன். வெளியே போய் ‘ஒடி’ சொல்லுங்க.”

மேசை மேலிருந்த போனிலிருந்து யாரோ கொக்கரித்துச் சிரித்தார்கள். அவர் திரும்பிப் பார்த்தார். போன் இன்னும் துண்டிக்கப்படவில்லை, ஸ்பீக்கரும் நிற்கவில்லை. தலைவியின் குரல் தெளிவாக வந்தது. “சொல்லுங்க பாம்போ. நாங்களும் கேக்கறோம்.”

அவர் ஓரடி பின்னால் வைத்தார். அப்புறம் இன்னோர் அடி. நிலைப்படிக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். திட்டிவிட்டுப் போவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் வாசலுக்கு வெளியே நிற்கிறார், உள்ளே ஒரு ஆள் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், பின்னால் ஆபீஸ், முன்னால் ஓர் ஊர். அவரும் இந்த நாட்டில் பிறந்தவர்தானே. எனிஃபாவின் கையைப் போல அவர் வாய் தன் பாட்டுக்குத் திறந்தது.

“ஒடி” என்றார், தணிந்த குரலில்.

முப்பத்தொன்பது வருஷப் பழக்கம். என் நாக்கு பதில் சொல்ல எழுந்தேவிட்டது. அதைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் வாசலில் நிற்க நிற்க, நமிலேமே வரைபடத்தைச் சேமித்துப் பூட்டினேன்.